தோலுரித்த பருப்பு

பன்னிரண்டு. இந்த எண்ணை மனதில் வையுங்கள். ஒரு வால்நட் மரம் இன்ன ரகம்தான் என்று அடித்துச் சொல்ல, அதன் மரபணுவில் பன்னிரண்டு இடங்களைப் பார்த்தால் போதும். ஓர் இடத்துக்கு இரண்டு எண்கள்: ஒன்று தாய் கொடுத்தது, மற்றது தகப்பன் கொடுத்தது. ஆக மொத்தம் இருபத்து நான்கு. ரகத்தின் பதிவோடு அத்தனையும் ஒத்துப்போனால் மரம் அசல். ஒன்று பிசகினாலும் போலி. வாய்ச்சவடால் இங்கே செல்லாது.

இந்தச் சோதனையைச் செய்பவள் பெயர் சொட்டு. பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறாள், அதனால் ஊரே வைத்தது. முன்பு கொட்டை உடைக்கும் கொட்டகையில் இருந்தாள். கையுறை கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் முதலில் எழுந்து நின்றவள் அவள்தான். கையுறை கிடைத்தது, அவளுக்கு வேலை போனது. ஆய்வுக்கூடத்தில் பாத்திரம் கழுவச் சேர்ந்தாள், கழுவிக்கொண்டே படித்தாள், தேர்வெழுதி மேசைக்கு வந்தாள். அவளிடம் ஒரே குறை, சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது.

அவள் புருஷன் நாற்றுப் பண்ணை வைத்து ஒட்டுக்கட்டுபவன். பண்ணையின் பின்பக்கம் 'மெல்லோடு' ரகத் தாய்மரம் ஒன்று நிற்கிறது. அவன் விற்கும் ஒவ்வொரு கன்றும் அதன் குச்சியில் கட்டிய ஒட்டு. தாய்மரம் அசல் என்று சான்று இல்லாத பண்ணைக்கு இனி முத்திரைச் சீட்டு கிடையாது என்று விவசாயிகள் சங்கம் இந்த வருடம் அறிவித்துவிட்டது. சீட்டு இல்லாத கன்றை எவனும் சீண்டமாட்டான். பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"உன் வீட்டு மரம்னு சலுகை கிடையாது. மாதிரிய நீ அரை, முடிவ நான் படிக்கிறேன்" என்றார் ஆய்வுக்கூடத்துத் தலைவி டாக்டரம்மா.

பனிக்காலம். மரம் மொட்டையாக நின்றது, சோதனைக்கு அரைக்க ஓர் இலை இல்லை. புருஷன் யோசித்தான். சேமிப்பிலிருந்து நல்ல கொட்டைகளாகப் பொறுக்கி உடைத்தான். அதோடு விட்டானா? வெந்நீரில் ஊறவைத்து, பழுப்புத் தோலையும் உரித்து, பருப்பைப் பல் மாதிரி வெள்ளையாக்கிக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்தான். இலை என்றால் பிசின், அரைப்பதற்குள் உயிர் போகும். அதில் ஒரு பருப்பை எடுத்துப் போட்டாள், வெண்ணெயாக அரைந்தது. சொட்டுவுக்கு ஏக குஷி.

முடிவு வந்தது. பதினான்குதான் ஒத்துப்போயிற்று.

"பத்து பொருந்தலம்மா. உங்க மரம் மெல்லோடு இல்ல" என்றார் டாக்டரம்மா.

வாசலில் காத்திருந்த புருஷனுக்கு முகம் தொங்கிப்போனது. "எங்கப்பா கையால கட்டின ஒட்டு, சொட்டு. அப்போ இத்தன வருஷமா ஊருக்கெல்லாம் போலியையா வித்தேன்?"

அவள் உள்ளே போய்த் தாளை மறுபடி பார்த்தாள். ஓர் இடத்துக்கு ஒரு வரி, வரிக்கு இரண்டு எண். வேறு மரமென்றால் சில வரிகளாவது முழுதாகத் தவறியிருக்கும். இதில் பன்னிரண்டு வரிகளிலும் ஓர் எண்ணாவது சரியாக இருந்தது. ஒரு வரிகூட முழுசாகப் பொய்க்கவில்லை. முதலில் தோள் குலுங்கியது. பிறகு அவள் நாற்காலியோடு குலுங்கினாள்.

"டாக்டரம்மா! அம்மாவக் கேட்டா, நான் புள்ளைய அரைச்சுட்டேன்!"

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அடக் கடவுளே. நானும்தானே பக்கத்துல நின்னேன்!"

பருப்பு என்பது குழந்தை. பாதி தாய், பாதி எங்கிருந்தோ காற்றில் வந்த மகரந்தம். ஓடும் பழுப்புத் தோலும் மட்டும்தான் முழுக்கத் தாயின் சொத்து. அதைத்தான் மனிதன் மெனக்கெட்டு உரித்துப் போட்டிருக்கிறான்.

"அப்போ தகப்பன் யாரு?" என்றார் டாக்டரம்மா, வம்பு கேட்கும் குரலில்.

சொட்டு கை பழகிய காலத்தில் கொழுந்தன் வீட்டு மரத்தின் இலையை அரைத்துப் பார்த்த முடிவு அலமாரியில் இருந்தது. மிச்ச எண்கள் ஒவ்வொன்றும் அதில் போய் உட்கார்ந்தன. பண்ணைச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கும் காட்டு வால்நட் மரம். நாற்றுக்கு நிழலடிக்கிறது, வெட்டு வெட்டு என்று தம்பியோடு புருஷன் தினம் மல்லுக்கு நிற்கிற அதே மரம்.

சேதி கேட்டுக் கொழுந்தன் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடிவந்தான். "அண்ணி, நெசமாவா? எம்மரம்தான் அப்பனா? அண்ணே, இனி மரியாதையா பேசு. நான் சம்பந்தி!"

"போடா டேய்! அந்த ரம்பத்த எங்க வச்சேன்?"

"ரம்பத்தத் தொட்டீங்கன்னா பாருங்க," என்றாள் சொட்டு. "நம்ம மரத்துல ஆண்பூ கொட்டித் தீர்ந்த பொறவுதான் பெண்பூவே விரியுது. அவன் மரம் இல்லேன்னா உங்களுக்குக் கொட்டை ஏது?"

அண்ணன் தம்பியைப் பார்த்தான். தம்பி மீசையை முறுக்கினான். அப்புறம் இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள்.

சிரிப்போடு சிரிப்பாகத் தாய்மரத்துக்கே போனார்கள். தம்பி ஏணியைப் பிடிக்க, புருஷன் அவள் காலைப் பிடிக்க, சொட்டு மேலே ஏறி உறங்கும் மொட்டுகள் உள்ள குச்சியைத் தன் கையால் வெட்டினாள். மொட்டில் வெளி மகரந்தக் கலப்பு இல்லை, மொட்டு மரமேதான்.

மறுபடி அரைத்தாள், மருந்தைச் சொட்டு விட்டாள், கருவியில் ஓட்டினாள். சுவரோரம் அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் விரல் நின்றது.

"எத்தன, டாக்டரம்மா?"

"இருபத்து நாலு."