பூசணிக்காய் விழுந்த மேடை

திருஷ்டிப் பூசணிக்காயைப் பார்த்தாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

வாடிப்பட்டி சாலையில் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் துறை ஆசிரியை நான். எதிரே பஸ் நிறுத்தம், தெருவிளக்கு கிடையாது. லேப் முடித்து வரும் பெண்கள் ஆரப்பாளையம் பஸ்ஸுக்கு இருட்டில் நிற்பார்கள். பஸ் நிற்காமல் போய்விடும். கேட்டால், "ஆளு நிக்கிறதே தெரியலம்மா" என்பார் டிரைவர்.

அதற்காகத்தான் இறுதியாண்டுப் பெண்களும் நானும் ஒரு மிதிமேடை செய்தோம். உள்ளே பீசோ தட்டுகள். அழுத்தினால் மின்சாரம் தரும். கேஸ் லைட்டரில் பொறி வருவதும், கார் எஞ்சின் தட்டுவதைச் சென்சார் கண்டுபிடிப்பதும் இதே சங்கதிதான். மேடையில் ஏறி மிதித்தால் கம்பத்தில் சின்னச் சிவப்பு விளக்குகள் மினுங்கும். அவ்வளவுதான், அதுவே போதும். பஸ் தினமும் நின்றது.

விஷயம் கல்லூரிச் செயலாளர் காதுக்குப் போனது. கல்லூரிக்குத் தரச்சான்று தரும் ஆய்வுக்குழு வருகிற நேரம் வேறு. திறப்பு விழா என்றார். 'மிதித்தால் எரியும் விளக்கு' என்று பெரிய போர்டு வந்தது, வெளிச்சம் பட்டால் மின்னும் எழுத்தில் அவர் பெயர். கூடவே குங்குமம் தடவிய பூசணிக்காய்.

"சார், மேடைக்கு வெளிய உடைங்க. உள்ள இருக்கிறது பீங்கான் மாதிரி, நொறுங்கிரும்."

"திருஷ்டி கழிக்காம நாங்க எதையும் ஆரம்பிச்சதில்லம்மா. காலேஜ் பஸ்ஸுக்கே உடைக்கிறோம், என்ன ஆச்சு?"

பஸ் இரும்பு ஐயா! நான் வாயெடுப்பதற்குள் தலைக்கு மேல் தூக்கி, மேடை நடுவில் ஓங்கிப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். பெண்கள் ஏறி மிதித்தார்கள். ஒன்றும் மினுங்கவில்லை. குங்குமத் தண்ணீர்தான் இடுக்கு வழியாக உள்ளே இறங்கியது.

சரி, உடைத்தார்கள், மாற்றித் தரலாம் அல்லவா? அதற்குப் பதில் கல்லூரியிலிருந்து வயர் இழுத்து, கம்பத்தில் பெரிய பல்பு மாட்டி, ஆய்வுக்குழு மேடையில் ஏறும்போது மறைவில் ஒருவர் ஸ்விட்ச் போட்டார். வெட்கங்கெட்ட வேலை. குழு போனதும் வயரைச் சுருட்டிவிட்டார்கள். புதுத் தட்டு கேட்டேன். "அதான் போட்டோ எடுத்தாச்சேம்மா" என்றார் செயலாளர். தெருவிளக்கு கேட்டு ஊராட்சி அலுவலகம் போனால், "லைட் இருக்குன்னு நீங்களே போர்டு வச்சிருக்கீகளே" என்று அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலை பெண்களோடு நானும் நின்றேன். பஸ் வந்தது. ஒருத்தி பழக்கதோஷத்தில் மேடையை மிதிமிதி என்று மிதித்தாள். ஹெட்லைட்டில் செயலாளர் பெயர்தான் பளபளத்தது. பஸ் போயே போய்விட்டது.

பையில் ஸ்க்ரூடிரைவர் இருந்தது. போர்டைக் கழற்றினேன். அடுத்த பஸ் வரும்போது நானும் ஒருத்தியும் சாலையோரம் அதைத் தூக்கிப் பிடித்து ஆட்டினோம். பஸ் நின்றது.

"என்ன டீச்சர், போர்டெல்லாம்?" என்றார் கண்டக்டர்.

"ஆளு நிக்கிறோம்ணே."

இப்போது தினமும் பெண்கள் அதைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். போர்டு எங்கே என்று செயலாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"உங்க பேருக்குத் திருஷ்டி பட்டுருச்சு சார். கழட்டிட்டேன்" என்றேன்.