பத்தடி அகல ஏரி

அளவு நாடாவின் ஒரு முனையைச் செங்கல்லால் அழுத்திவிட்டு, மறுமுனையை இழுத்துக்கொண்டு சுவரோரமாக நடக்கிறார் மதிவதனி. பிடித்துக்கொள்ள ஆள் இல்லாத வேலைக்கெல்லாம் அவரிடம் ஒரு செங்கல் உண்டு.

நெமிலிச்சேரி மொட்டைமாடி. பக்கத்துக் கட்டடத்தின் சன்னல் இல்லாத சுவர் இதை ஒட்டி எழும்பி நிற்கிறது. அதில் சாக்பீஸால் ஒரு செவ்வகம்: பத்தடி அகலம், ஐந்தடி உயரம். மழை அழித்தால் மறுபடியும் போடுவார்.

ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். பெற்றோர் போனபின் இங்கே தனியாக வாடகைக்கு இருக்கிறார். பூந்தமல்லிப் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பல வருடமாக அமெரிக்க நிலக்காட்சி ஓவியங்களை ஆராய்கிறார். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. கணினித் திரையில் எல்லா ஓவியமும் ஒரே அளவாகிவிடுவதால், அசல் அளவை வீட்டுச் சுவர்களில் நீல ஒட்டுநாடாவால் குறித்திருக்கிறார். வருகிறவர்கள், மாட்டியிருந்த படங்களைக் கழற்றிவிட்டார் என்று நினைப்பார்கள். வருகிறவர்களும் அதிகமில்லை.

வீட்டுக்குள் அடங்காத படம்தான் மாடிக்கு வந்தது. ஒரு ஏரி, விடிகிற வானம், கீழ் மூலையில் படகில் நகத்தளவு மனிதன். அவன் நம்மைப் பார்க்கிறானா, முதுகைக் காட்டுகிறானா? அந்த மூலையில் வார்னிஷ் கறுத்துவிட்டது; எவ்வளவு பெரிதாக்கினாலும் திரையில் புள்ளிகள்தான். எதிரே நின்று பார்த்தால் தெரிந்துவிடும் என்று நம்புகிறார். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் அதற்காகவே காத்திருக்கிறது.

அந்தப் படம் மாட்டியிருக்கும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் யார் யாரோ எடுத்துப் போட்ட வீடியோக்களையும் விடாமல் பார்ப்பார். புதிதாக ஒருவர் வந்தால், படத்தின் முன் நிற்பவர் கண்ணை எடுக்காமலே ஓரடி நகர்ந்து இடம் விடுவார். வீடியோவில் அந்தக் கட்டத்தை மதிவதனி திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார்.

நேற்று மூன்றாம் முறையாக விசா மறுத்துவிட்டார்கள். "திரும்பி வர இங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார்களாம். "வாடகை வீடு இருக்கு" என்றிருக்கிறார்.

இன்று மாலை மாடிக்கு வந்து, அழிந்திருந்த கோட்டைப் புதுப்பித்தார். கொடியில் துணி எடுக்க வந்தார் வீட்டுக்காரம்மா கன்னியம்மா.

"இன்னா டீச்சரே, உன் ஆளு மூஞ்சக் காட்னானா இல்லியா?"

"இல்லக்கா. விசா குடுக்கல."

"அந்தப் படத்த வச்சிகினு கீறவங்களுக்கு ஒரு போன் போடேன்."

"போட்டேன். ஒருத்தர் முகம்னாரு, இன்னொருத்தர் முதுகுன்னாரு."

"அய்ய! எங்க ஊட்டுக்காரரு மாதிரி கீதே. டிவியப் பாக்கறாரா, என்னியப் பாக்கறாரான்னு இத்தினி வருசமா எனக்கே புரியல."

மதிவதனி சிரித்துவிட்டார். கன்னியம்மா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரை நெருங்கினார். "எங்க கீறான்?" மதிவதனி இடது கீழ் மூலையைத் தொட்டுக் காட்டினார். குனிந்து உற்றுப் பார்த்த கன்னியம்மா, "ஒண்ணியும் காணோமே" என்று நிமிர்ந்தார். "சரி, கொயம்பு கீது. வந்து வாங்கிக்க."

படிகளில் செருப்புச் சத்தம் இறங்கி ஓய்ந்தது. ஸ்டேஷனில் மின்சார ரயில் ஒன்று நின்று கிளம்பியது. மதிவதனி சுவரை விட்டுச் சற்றுப் பின்னால் தள்ளி வந்து, வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சற்றுக் கழித்து, கண்ணை எடுக்காமலே, ஓரடி நகர்ந்து நின்றுகொண்டார்.