அக்சிலியாவின் கருநீலச் சேலை

பள்ளிபாளையத்தில் முப்பத்தைந்து வருடம் ஸ்டுடியோ நடத்திய உபகாரசாமி, ஊரார் கல்யாணத்தை எல்லாம் சொதப்பாமல் படம் எடுத்துக் கொடுத்தவர். சொந்தக் கல்யாணத்தில்தான் கோட்டை விட்டார். அன்று நண்பனிடம் கேமராவைக் கொடுக்கும் முன் ஃபிலிமை மாட்டியது அவர் கைதான். மாப்பிள்ளை அவசரத்தில் அதன் நுனி சுற்றும் உருளையில் சரியாகச் சிக்கவில்லை. நண்பன் முப்பத்தாறு தடவை அமுக்கியும் ஃபிலிம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கழுவிப் பார்த்தால் ஒரு படமும் இல்லை.

அக்சிலியா அதற்காகச் சண்டை போட்டதில்லை. யார் வீட்டிலாவது கல்யாண ஆல்பத்தை விரித்தால் மட்டும் மெல்ல எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். நாற்பது வருடமாக அதுதான் அவரை அறுத்துக்கொண்டிருந்தது. மறுபடி கட்டி நிற்கச் சொல்லலாம் என்றால் கல்யாணத்துக்குக் கட்டிய அந்த வெள்ளைப் பட்டும் இல்லை. மகன் ஜெர்ரியின் ஞானஸ்நானத்துக்கு அதை வெட்டிச் சட்டை தைத்தாகிவிட்டது.

அந்த ஜெர்ரிதான் போன மாதம் ஒரு கேமரா வாங்கி அனுப்பினான். டிஜிட்டல்தான், ஆனால் கறுப்பு வெள்ளை மட்டுமே எடுக்கும். கூடவே இன்ஃப்ராரெட் ஃபில்டர் என்று, கண்ணுக்குத் தெரியாத ஒளியை மட்டும் உள்ளே விடும் ஒரு கறுப்புக் கண்ணாடி வட்டம். கண்ணில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. லென்ஸில் மாட்டினாலோ உலகமே தலைகீழ். வேப்பிலை பஞ்சாக வெளுக்கும், வானமும் காவிரியும் கறுக்கும். ஒருநாள் கொடியில் காய்ந்த அக்சிலியாவின் கருநீலச் சேலை படத்தில் வெள்ளை வெளேரென்று வந்தது. கிழவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாச் சாயமும் இப்படி வெளுக்காது. இந்தச் சாயம் என்னவோ அவர்மேல் இரக்கப்பட்டுவிட்டது.

இந்த வருஷக் கல்யாண நாளன்று அந்தச் சேலையையே கட்டச் சொல்லி, ஆற்றோர வேம்பின் கீழ் அவளை நிறுத்தி எடுத்தார். காரணம் சொல்லவில்லை. மறுநாள் ஈரோட்டில் பிரிண்ட் போட்டு வந்து, வாசலிலேயே உட்கார்ந்து உறையைப் பிரித்தார். வெள்ளை மரம், வெள்ளைச் சேலை, நடுவே அதே சிரிப்பு. மாதா கோயில் படியில் அவள் முந்தானையை ஒதுக்கிக்கொண்டு இறங்கி வந்த கல்யாணக் காலை அவருக்கு ஞாபகம் வந்தது.

பக்கத்து வீட்டில் தறி ஓட்டும் கந்தம்மாள் எட்டிப் பார்த்து வாயில் அடித்துக்கொண்டாள்.

“ஏனுங்க சாமி, நீங்க குத்துக்கல்லாட்டம் இருக்கறப்பவே அக்காளுக்கு வெள்ளச் சேல கட்டி உட்டுட்டீங்களே! புருசன் போனவளாட்டமல்ல இருக்குது!”

உபகாரசாமியின் முகம் தொங்கிப்போயிற்று. இரண்டாவது தடவையும் கெடுத்துவிட்டோமே என்று படத்தை உறைக்குள் திணித்தார். சத்தம் கேட்டு வந்த அக்சிலியா அதைப் பிடுங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

“கந்தம்மா, எங்கள்ல வெள்ளதான் பொண்ணுக்குக் கல்யாணச் சேல” என்றாள். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். “ஆனா இவ சொல்றதும் நெசந்தானுங்க. தனியா நின்னா அப்படித்தான் தெரியும். மாப்பிள்ளை எங்கீங்க இதுல?”

வாழ்நாள் முழுக்கக் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றவருக்கு அது தோன்றவே இல்லை.

அவள் உள்ளே போய் அதே கருநீலச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கறுப்பு வட்டம் மாட்டிய கேமராவோடு மூவரும் வேம்படிக்குப் போனார்கள். பொத்தானை அமுக்கும் வேலையைக் கந்தம்மாளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

“கிட்டக்க நில்லுங்க சாமி, கூச்சப்பட்டா ஆவுமா?” என்று அவள் அதட்டினாள். உபகாரசாமி மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.