பாட வந்தது, பேச வரவில்லை

அன்று காலை இட்லிக்குச் சட்னியா, சாம்பாரா என்று என் மனைவி எஸ்தர் கேட்டாள். சாம்பார் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "த... த..." என்றுதான் வந்தது. வலது கையிலிருந்த தம்ளர் சாய்ந்து காபி மடியில் கொட்டியது. சூடு தெரிந்தது, கைதான் அசையவில்லை. நான் வேடிக்கை காட்டுகிறேன் என்று எஸ்தர் நினைத்தாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது, வீட்டில் நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

கோவில்பத்தில் எங்கள் வீடு. அலுவலக வேலை போக மிச்ச நேரத்தில் எங்கள் கிறிஸ்தவ சபைக்குப் பாட்டு எழுதுகிறவன் நான். மெட்டு முதலில் வரும், சொல் தானாகப் பின்னால் வரும். சொல்லுக்கு எனக்கு என்றுமே பஞ்சம் வந்ததில்லை, கொஞ்சம் திமிரும் உண்டு.

மூளையின் இடது பக்கம் ரத்தக் குழாயில் அடைப்பு என்று மருத்துவர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். எனக்கு வந்திருப்பது பக்கவாதத்தோடு சேர்ந்த அஃபேசியா (மூளை பாதிப்பால் பேச்சு தடைபடும் நிலை). அவர் சொன்னதெல்லாம் புரிந்தது. இனி ஒரு புது வரியாவது எனக்குள்ளிருந்து வருமா என்று கேட்க நினைத்தேன். அதைக் கேட்கவே வாய் இல்லை. பயந்துபோனேன்.

வீடு திரும்பிய பிறகு ஒரு மதியம் தாகம் எடுத்தது. தண்ணீர் என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்து திரும்பிப் போனது. எரிச்சலில் நான் எப்போதோ சபைக்கு எழுதிய பல்லவியை முனகினேன்.

"காய்ந்த வாய்க்கால் நான் ஐயா, தண்ணீர் திறந்து விடும்."

ஒரு சொல் பிசகவில்லை. எனக்கே தூக்கிவாரிப் போட்டது. எஸ்தர் அடுப்படியிலிருந்து ஓடி வந்து, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முழங்காலில் நின்றாள். உதவிக்கு வந்திருந்த அவள் தங்கையும் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டாள். நான் குடத்தைக் காட்டி மறுபடி பாடினேன். கண்ணை மூடியவர்களுக்குக் குடம் எப்படித் தெரியும்? ஜெபம் நீண்டது. நான் பாடப் பாட அவர்களுக்கு உருக்கம் கூடியது. ஆமென் சொன்ன பிறகும் தண்ணீர் வரவில்லை, போதகருக்குத்தான் போன் போனது.

ஞாயிற்றுக்கிழமை சபையில் என்னைப் பாட வைத்தார்கள். மூன்று சரணமும் பாடினேன். அண்ணனுக்குப் பூரண சுகம் என்று போதகர் அறிவித்தார். எல்லோரும் அழுதார்கள், நானும்தான். மருத்துவர் சொல்லியிருந்த பேச்சுப் பயிற்சி இனி எதற்கு என்று வீட்டில் பேச்சு எழுந்தது.

பேச்சுப் பயிற்சி தரும் கலைவாணி போலகத்து விவசாயக் குடும்பத்துப் பெண். அவர் முன்னாலும் அதே பல்லவியைப் பாடிக் காட்டினேன். எங்கள் பாட்டு எதுவும் அவர் கேட்டதில்லை, அதனால் ஏமாறவில்லை.

"இது புதுசா சார், முன்னாடியே தெரிஞ்சதா?"

"இவங்க எழுதுனதுதாங்க. எத்தனையோ வருஷமா பாடுறோம்," என்றாள் எஸ்தர்.

"அப்ப இதைப் பேச்சுன்னு எடுத்துக்க முடியாதுங்க. மனப்பாடமானது தனியா பத்திரமா இருக்கு. சாருக்கு வேண்டியது புது வாக்கியம். மெட்டு இருக்கட்டும், வார்த்தை வீட்டு வார்த்தையா இருக்கட்டும்."

கோபம் வந்தது. கூடவே ஆவலும் வந்தது. ஒரே நாக்கு, ஒரே தொண்டை. பாட்டுக்குத் திறக்கிற கதவு பேச்சுக்கு ஏன் திறக்கவில்லை? அன்றிலிருந்து இடது கையால் தொடையில் தாளம் தட்டி, "சோறு போடு", "ஃபேனை நிறுத்து" என்று இழுத்துப் பாடினேன். துதிப்பாடல் எழுதியவனுக்கு ஃபேனுக்கு மெட்டுப் போடும் பிழைப்பு. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால், பழைய பாட்டைக் கேட்டுப் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள்.

வலது கை இன்னும் முழுதாக என் பேச்சைக் கேட்பதில்லை. ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும்போது அதற்கு எடையும் ஓரமும் இருப்பது தெரிகிறது. முன்பு இதைக் கவனிக்க எனக்கு நேரமே இருந்ததில்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம். எஸ்தர் துணி மடித்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லித் தராத ஒரு வரியைத் தாளம் தட்டிப் பாடினேன்.

"எஸ்தர், பக்கத்துல வந்து உக்காரு."

அவள் யோசித்தாள். "இது எந்தப் பாட்டுங்க? எனக்குத் தெரியலையே."

"பாட்டு... இல்ல," என்றேன்.

தாளம் தட்டிய இடது கை தொடையில் சும்மா கிடந்தது. மெட்டில்லாமல் வந்த முதல் பேச்சு அதுதான். மடித்த துணியை அப்படியே விட்டுவிட்டு எஸ்தர் வந்து உட்கார்ந்தாள். அடுத்த சொல் வர வெகுநேரம் ஆனது. இருவரும் காத்திருந்தோம்.