சவர் ஏறிய கிணறு

எழுபதுகளின் தொடக்கத்தில் இரண்டு மாரி அடுத்தடுத்துப் பொய்த்தன. புங்குடுதீவில் எங்கள் குறிச்சியில் நல்ல தண்ணீர் இருந்தது என் வளவுக் கிணற்றில் மட்டும்தான். கணவருக்குக் கொழும்பில் கந்தோர் வேலை. பிள்ளையும் இல்லை. ஆனாலும் காலையும் மாலையும் வளவு நிறையப் பெண்கள் குடங்களோடு நிற்பார்கள். குடத்தால் இடித்துக்கொண்டு சண்டை பிடிப்பார்கள், என் கறிக்குக் குறை சொல்வார்கள். அதற்காகவே நான் விடியலைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன்.

தீவில் கிணற்றை அடிமட்டம் வரை இறைக்கக் கூடாது. மேலே நிற்கும் கொஞ்ச நன்னீரை அள்ளிவிட்டு, ஊற விட வேண்டும். மீறினால் கீழேயிருந்து உப்புநீர் ஏறி, தண்ணீர் சவராகிவிடும். பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

பங்குனி மாதம் ஒரு மத்தியானம் பக்கத்துப் பனங்கூடலில் தீப்பிடித்தது. ஊரார் பச்சை வடலி ஓலைகளால் அடித்தும் மணலை அள்ளி வீசியும் அணைத்தார்கள். நெருப்புக்குத் தண்ணீர் செலவழிப்பது அங்கே வழக்கமில்லை. ஆனால் தீ என் வேலியைத் தொட்டதும் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது. வாளி வாளியாக இறைத்து ஓலைக் கூரையில் ஊற்றினேன்.

"பிள்ளை, இறைச்சது காணும், விடும். வேலியை வெட்டி விழுத்துவம்," என்று எதிர்வீட்டு அக்கா கத்தினார்.

"எரியிறது உங்கட வீடே? என்னால விட ஏலாது," என்றேன்.

வாளியில் சேறு வந்த பிறகும் நான் நிறுத்தவில்லை.

பனங்கூடலில் பாதி கருகியது, என் வீடு தப்பியது. மறுநாள் காலை ஊறியிருந்த தண்ணீரை முதலில் வாயில் விட்டவர் அந்த அக்காதான். துப்பாமல் விழுங்கினார்.

"சவர்," என்றார்.

ஒருவரும் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசி மனம் ஆறியிருப்பேன். வெறுங்குடங்களோடு ஒரு மைல் தள்ளியிருந்த கோயில் கிணற்றுக்கு அவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். வேலிப் படலையைத் திறக்க ஆளில்லாத அந்த வீட்டில் எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

குடிதண்ணீருக்கு நானும் அங்கேதான் போக வேண்டியிருந்தது. என்னைக் கண்டதும் பெண்கள் விலகி நின்று முதலில் அள்ள விடுவார்கள், வெளியூர் ஆளுக்கு விடுவதுபோல. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு கொஞ்சத் தூரம் நடந்த பிறகுதான், விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்குவார்கள்.