றீற்றா ரீச்சருக்கு நான் இட்ட புள்ளி

புதன்கிழமை காலை பத்தேகால் இருக்கும். கனடாவில், மொன்றியலுக்குப் பக்கத்து டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் சமையற்கூடத்தில், தட்டுகளில் பாணும் பட்டரும் அடுக்கிக்கொண்டு நின்றேன். மேற்பார்வையாளர் வந்து தொலைபேசி என்றார். வேலைநேரத்தில் எனக்கு யாரும் அழைப்பதில்லை. மறுமுனையில் றீற்றா ரீச்சரின் கணவர் அல்பிரட். "சேர், றீற்றா எங்களை விட்டுட்டுப் போட்டா" என்றார். மூளையில் இரத்தக் கசிவாம். முதல்நாள் மாலை தலையிடி என்று படுத்தவர் பிறகு எழும்பவே இல்லை.

திரும்பிப் போய் மிச்சத் தட்டுகளையும் அடுக்கினேன். என்ன மனிதனோ நான்! அன்றிலிருந்து ஐந்து நாட்களாக இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழும்புகிறேன், எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. அவரைத் தெரிந்தவர்களுக்கும் தெரியாதவர்களுக்குமாக இதை எழுதுகிறேன். என்னைப் பற்றிய ஒரு விஷயத்தையும் மறைக்காமல் எழுதவேண்டியிருக்கிறது.

மன்னாரில் நான் உப அதிபராக இருந்த பாடசாலைக்கு, நாலாம் வகுப்பு ஆசிரியையாக வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயது. முதல் தவணையிலேயே எங்களுக்குள் கொழுவல். ஒரு பிள்ளையின் கட்டுரைக்குத் தொண்ணூறு புள்ளி போட்டிருந்தார். அந்தக் காலத்தில் கட்டுரைக்கு எண்பதைத் தாண்டிப் போட்டவன் அல்ல நான். எனக்குப் படிப்பித்தவர்களும் அப்படித்தான். கூடப் போட்டால் பிள்ளைக்குத் தலைக்கனம் வரும், பிறகு படிக்காது என்பது எங்கள் ஆசிரியர் அறையின் சட்டம். எல்லாக் கொப்பிகளையும் மறுபடி திருத்தச் சொன்னேன். திருத்திக்கொண்டு வந்து மேசையில் வைத்தார்.

"புள்ளியைக் குறைக்கச் சொன்னீங்கள், குறைச்சிட்டன் சேர். பிள்ளையளுக்கு நான் வாயாலை சொல்லுறதைக் குறைக்கமாட்டன்."

சொன்னபடியே செய்தார். எங்கள் பாடசாலையில் இருந்த எட்டு வருடமும் ஒவ்வொரு பிள்ளையையும் கிட்டக் கூப்பிட்டு, நீ இதில் கெட்டிக்காரி, நீ இதில் கெட்டிக்காரன் என்று சொல்லித்தான் கொப்பியைக் கொடுத்தார். நான் யன்னலுக்கு வெளியே நின்று பல்லைக் கடித்திருக்கிறேன்.

யுத்தம் எங்களைத் திசைக்கொன்றாகத் தூக்கி எறிந்தது. மொன்றியலில் ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வந்தபோது, "சேர்!" என்று ஒரு குரல். அவர் விமான நிலையத்தில் துப்புரவு வேலை, நான் அதற்கு இரண்டு கட்டிடம் தள்ளித் தட்டு அடுக்குகிறேன். இரண்டு பேரும் சிரித்தோம், வேறென்ன செய்ய.

அவர் விடுகிற ஆள் இல்லை. ஆங்கிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் கல்வியியல் படித்து, இங்கேயும் வகுப்பறைக்குள் போகப்போவதாகச் சொன்னார். அதற்கு முதல் ஆங்கிலச் சோதனை எழுதவேண்டும். சனிக்கிழமைகளில் நோத்ர-டாம்-த-கிரேஸில் நடந்த வகுப்பொன்றுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பிள்ளைகளின் திறமையைப் பற்றி இந்த நாட்டுக்காரர் ஒரு வண்டிச் சொல் வைத்திருந்தார்கள். நான் ஆறாம் கிழமையே கையை விரித்துவிட்டேன். றீற்றா ரீச்சர் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் மன்னாரில் படிப்பித்த ஒரு பிள்ளையின் பெயரை எழுதி மனப்பாடம் செய்தார். ஆப்டிடியூட், அதாவது இயல்பான திறமை, என்றால் யூட். உடைந்த ரேடியோவைக் கையில் எடுத்தால் பாட வைத்துவிடுவான், சோதனை மண்டபத்தில் மட்டும் இருக்கமாட்டான். அன்டர்அச்சீவர் என்றால் கிளாறா. எல்லாம் தெரிந்த பிள்ளை, தகப்பன் கடலுக்குப் போன நாட்களில் வெறுந்தாளைக் கொடுக்கும். ஸ்லோ லேர்னர், அதாவது மந்தமாகப் படிக்கிற பிள்ளை, என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"இதுக்கு என்னட்டை ஆளில்லை, சேர்."

2003இல் சோதனையில் தேறி விண்ணப்பம் போட்டார். அவரை அறிந்த இருவர் மதிப்பீட்டுப் படிவம் நிரப்பி அனுப்பவேண்டும். ஒருவர் சனிக்கிழமை வகுப்பு ஆசிரியை, இந்த ஊர்ப் பெண்மணி. மற்றவர் நான். படிவத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பெட்டிகள். நீங்கள் அறிந்த ஆசிரியர்களுள் இவர் எங்கே நிற்கிறார்: மிகச் சிறந்த சிலருள் ஒருவர், சிறந்தவர், சராசரிக்கு மேல், சராசரி, அதற்குக் கீழ். இரண்டு மணித்தியாலம் யோசித்தேன். முதற்பெட்டியில் அடையாளமிட எனக்குக் கை வரவில்லை. அப்படி ஒரு புள்ளியை என் ஆயுளில் யாருக்கும் போட்டதில்லை. "சராசரிக்கு மேல்" என்பதில் வரிசையாக அடையாளமிட்டேன். கீழே, நேரம் தவறாதவர், கடமையுணர்வுள்ளவர் என்று எழுதினேன். எங்கள் கல்விப் பணிப்பாளர் என்னைப் பற்றி அவ்வளவுதான் எழுதினார், அதைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிவைத்திருந்தேன். நல்லது செய்த திருப்தியோடு தபாலில் போட்டேன்.

இடம் கிடைக்கவில்லை. காரணம் கேட்கப் போனபோது துணைக்கு என்னையும் கூட்டிப்போனார். அலுவலர் படிவங்களைக் காட்டவில்லை. இரண்டு மதிப்பீடுகளில் ஒன்று ஆளை அவ்வளவாக விரும்பாத ஒருவர் எழுதியதுபோல இருந்தது என்று மட்டும் பணிவாகச் சொன்னார்.

மெட்ரோவில் மூன்று நிறுத்தம் தாண்டினோம். பிறகு, அது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும் சேர்" என்றார். "உங்களுக்குக் கீழை எட்டு வருசம் படிப்பிச்சனான் எல்லே. நீங்கள் சராசரிக்கு மேலை எண்டு போட்டால் அது எவ்வளவு பெரிய புள்ளி எண்டு எனக்கு விளங்கும். இஞ்ச உள்ளவைக்கு எப்பிடி விளங்கும்?"

அவர் கோபித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் மறுபடி விண்ணப்பம். மறுபடி என்னிடமே படிவம். வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று கெஞ்சினேன்; கேட்கவில்லை. ஐந்து நிமிடம் பொய் சொல்கிறவனைப் போல உட்கார்ந்திருந்து, எல்லாவற்றுக்கும் முதற்பெட்டியிலேயே அடையாளமிட்டேன். இட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது, அதில் ஒரு பொய்யும் இல்லை. முப்பது வருடம் ஆசிரியர்களை மேய்த்தவனுக்கு அது அப்போதுதான் தெரிந்தது!

இடம் கிடைத்தது. காலையில் துப்புரவு, பிறகு படிப்பு என்று நாலு வருடம். கடைசி வருடக் கற்பித்தல் பயிற்சிக்கு டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு பள்ளிக்கூடம். பட்டத்துக்கு இரண்டு மாதம் இருந்தது.

சனிக்கிழமை அடக்கத்துக்கு அந்தப் பள்ளிக்கூடத்து அதிபர் வந்திருந்தார். அல்பிரட்டின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். அல்பிரட்டுக்கு ஆங்கிலம் சரியாகப் பிடிபடாது, என்னைப் பார்த்தார். நான்தான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. வருகிற செப்டெம்பரிலிருந்து நாலாம் வகுப்பை றீற்றாவுக்கே கொடுப்பதென்று முடிவெடுத்திருந்தார்களாம். பட்டம் மட்டும் போன வருடம் கிடைத்திருந்தால் அப்போதே கொடுத்திருப்பார்களாம். அந்த வகுப்பு அன்றும் ஆளில்லாமல்தான் இருந்ததாம்.

முதற்பாதியைச் சொன்னேன். மற்றப் பாதியை அல்பிரட்டுக்குச் சொல்லவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உங்களாலைதான் சேர் அவவுக்கு இடம் கிடைச்சது, எப்பவும் சொல்லுவா" என்றார்.

அல்பிரட், அந்த மற்றப் பாதி இதுதான். முதல் தரமே நான் ஒழுங்காக எழுதியிருந்தால், உங்கள் மனைவி இந்த ஒரு வருடமும் தன் சொந்த வகுப்பில் நின்று படிப்பித்திருப்பார். அந்த வருடத்தைப் பறித்தவன் நான்.

றீற்றா ரீச்சர், நான் அறிந்த ஆசிரியர்களில் உங்களை மிஞ்சிய ஆள் இல்லை. மன்னாரிலேயே, அந்த யன்னலைத் தாண்டி உள்ளே வந்து, பிள்ளைகளுக்கு முன்னால் இதைச் சொல்லியிருக்கவேண்டும். நீங்கள் வாயாலை சொன்னீர்கள். எனக்கு வாய் வரவில்லை. போய் வாருங்கள், அம்மா.