இரண்டு முறை கேட்ட குரல்

காஜா பேராங் கடைத்தெருவில் சைக்கிள் கடை வைத்திருந்த தியாகுவை ஒருமுறை கூப்பிட்டால் போதும். சோற்றில் கை இருந்தாலும் அப்படியே எழுந்து ஓடிவருவார். "என்னா தியாகு, ஜப்பான்காரனா கூப்புட்டான்?" என்று பக்கத்து முடிதிருத்தும் கடை நல்லையா கிண்டல் செய்வார். தியாகுவும் சிரித்துவைப்பார்.

ஜப்பான்காரன் காலத்தில் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்தபோது, அவரும் அண்ணன் சேதுராமனும் தஞ்சோங் துவான் முனைக்குப் போய் ஒளிந்தார்கள். கடலுக்கு மேலே செங்குத்தான பாறைகள், பின்னால் காடு. மூன்றாம் நாள் உச்சிவேளையில் அண்ணன் சிப்பி பொறுக்கப் பாறையில் இறங்கினார். சற்று நேரத்தில், "தியாகு!" என்று ஒரு குரல்.

உச்சிவேளையில் காட்டில் பேர் சொல்லிக் கூப்பிடுவது பேய். மனிதன் என்றால் மூன்றாம் முறையும் கூப்பிடுவான், அதுவரை வாய் திறக்கக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர் தியாகு. புதருக்குள் மூச்சை அடக்கிக்கொண்டார். மறுபடியும், "தியாகு!" பிறகு அலைச் சத்தம் மட்டும். வெயில் சாய்ந்தபின் எட்டிப் பார்த்தார். பாறையின் பாதி இறக்கத்தில் அண்ணனின் துண்டு மாட்டிக்கொண்டு ஆடியது.

தூங்கிவிட்டேன் என்றுதான் ஊரில் சொன்னார்.

உடல் கிடைக்காததால் அண்ணி கமலவேணி பதினைந்து வருடமாகப் பொட்டை அழிக்கவில்லை. நாடு விடுதலையான மெர்டேக்காவுக்கு மறுவருடம், அண்ணிக்குக் குடியுரிமை மனு எழுதிக்கொடுத்தவர், "புருசன் இருக்காரா, இல்லியா? ஒண்ணச் சொல்லும்மா" என்று கேட்டுவிட்டார். ஆடி அமாவாசைக்கு அண்ணி தியாகுவை அழைத்துக்கொண்டு அந்த முனைக்கே போனார்.

"பிண்டம் நீதான் போடணும். தம்பி கையாலதான் அவருக்குப் போய்ச் சேரும்."

காற்று பாறைக்குக் கீழேயிருந்து ஏறி வந்தது. யாரோ பேச வாயெடுத்தது போலிருந்தது. எள் கலந்த சோற்றுருண்டையைத் தியாகு விரல்களுக்குள் இறுக்கிக்கொண்டார்.

"அண்ணி, அன்னைக்கு நான் தூங்கல."

"என்ன?"

"அண்ணன் ரெண்டு தடவ கூப்புட்டாரு. பேய்னு நெனச்சிட்டேன்."

கமலவேணி கடலையே பார்த்தார். "எப்படிக் கூப்புட்டாரு?"

"ரெண்டாவது தடவ... கொரல் எறங்கிருச்சு அண்ணி."

அண்ணி அழவில்லை. தியாகுவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உருண்டையை எடுத்தார். பெண்கள் போடும் வழக்கமில்லை. பாறை விளிம்பில் மண்டியிட்டு, கையை நீட்டித் தானே போட்டார்.

"மனுவுல இல்லைன்னு எழுதிக்கலாம்" என்றார். "நீ முன்னால நட. திரும்பிப் பாக்காத."

தியாகு நடந்தார். காட்டுப்பாதை முழுக்க அவர் காது பின்னாலேயே இருந்தது. அண்ணியின் காலடிச் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. கடைசிவரை கிட்டே வரவில்லை.